போர்த்தக் கூடாத பிள்ளை

இரவு ஒரு மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பின்பக்க ரோடு. ஈ காக்கை இல்லை... அதில் தன்னந்தனியாக நடந்து வந்தாள், நம் ஆபீஸ் டைப்பிஸ்ட்டின் சித்தி. குழந்தைகளின் இருதய வார்டில் நர்ஸ். டியூட்டியில் இருந்தவளுக்குத் திடீர்க் காய்ச்சல் என்று கூப்பிட்டிருந்தார்கள். 'கறார் சிஸ்டர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பேயாவது பிசாசாவது என்கிற ரகம். இதோ சிரிக்கிறாயே, உன்னை மாதிரிதான்.

அன்று அவள் பொறுப்பில் ஒரே பிள்ளை. இருதயக் கோளாறோடு பிறந்தவன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் துடிப்பு தறிகெட்டு ஓடியது. இப்படியே ஓடினால் விடிவதற்குள் அந்தக் குட்டி இருதயம் களைத்து நின்றுவிடும். மருந்தோடு உடம்பையும் குளிர வைத்தால்தான் வேகம் அடங்கும். அதனால் சட்டை கிடையாது, போர்வை கிடையாது. மயக்க மருந்தில் விரல்கூட அசையாமல், ஜில்லென்று கிடந்தான். தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். தகப்பன் வெளியே பெஞ்சில்.

சித்தி மருந்தெடுக்கத் திரும்பினாள்... துடிப்பைக் காட்டும் மெஷின் கத்தியது. பார்த்தால், பிள்ளைக்குக் கழுத்துவரை மஞ்சள் கம்பளிப் போர்வை. கையால் பின்னியது. குப்பென்று ஈரமண் வாசனை. வெடுக்கென்று உருவினாள். துடிப்பு மெல்ல இறங்கியது. தகப்பன் வேலைதான் என்று கதவைத் திறந்து போர்வையை நீட்டினாள்.

"ஏம்ப்பா, போர்த்தாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

அவன் அதைத் தொடவில்லை.

"சிஸ்டர்... இது அவ பின்னினது. அவகூடவே வச்சுப் புதைச்சுட்டோம்."

உள்ளே மறுபடி மெஷின். ஓடினாள். கையிலிருந்த போர்வை... கையில் இல்லை. பிள்ளைமேல் இருந்தது.

சித்தி வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? உருவிப் போட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், வெறும் காற்றைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மாடி, நீ பெத்தவ. மனசு கேக்காதுதான். ஆனா நீ போர்த்தப் போர்த்த அவன் நமக்கு இல்லாமப் போயிடுவான். இந்தக் குளிர்லதான் பொழைக்கணும். வேணும்னா... கையை மட்டும் புடிச்சுக்கோ."

எங்கோ ஒரு விசும்பல்... அவ்வளவுதான். அதற்கப்புறம் போர்வை வரவில்லை.

விடியும்போது துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. "இனிமே மெதுவா சூடு ஏத்தலாம் சிஸ்டர்," என்றார் டாக்டர். கறார் சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்றவள் ராத்திரி முழுக்கத் தவித்தவளாயிற்றே, பாவம்.

"இப்போ போர்த்தலாம்மா," என்று மெல்லச் சொல்லிக் காத்திருந்தாள்.

யாரும் போர்த்தவில்லை.

சித்தியே வார்டு போர்வையை எடுத்தாள். இடது கையை உள்ளே வைத்தாள். வலது கை வரவில்லை. மயக்கம் தெளியாத பிள்ளையின் கை, மெத்தையைத் தொடாமல், அப்படியே தூக்கி நின்றது. லேசாக இழுத்துப் பார்த்தாள்... அந்தப் பக்கம் பிடி இறுகியது.

சித்தி இழுப்பதை விட்டாள். அந்த ஒரு கையை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் பிள்ளையைப் போர்த்தினாள்.