அஞ்சு நிமிஷத்தில் மஞ்சள்

— அந்தக் கீபோர்டைக் கொஞ்சம் கவுத்துத் தட்டுக்கா. சீ! என்ன இது, பிஸ்கட் தூளு, முடி, நகம்… நகம்க்கா! எந்த மகராசன் இங்க உக்காந்து நகம் வெட்டினான்?

— எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவன். தொடச்சு தொடச்சு எனக்கே அலுத்துப்போச்சு. நீ சீக்கிரம் வேலையப் பாருடா. கீழ எல்லா மிஷினுக்கும் இந்தப் புது சாஃப்ட்வேரைப் போன வாரமே போட்டுட்ட. மாடியில என்னுதுதான் பாக்கி.

— ஏறிட்டிருக்கு பாரு. லெட்டர் அடிக்க ஒண்ணு, கணக்குக்கு ஒண்ணு, மீட்டிங்ல படம் காட்ட ஒண்ணு, மெயிலு, எல்லாம் ஒரே பாஸ்வேர்டுல. சரி, உன் பழைய ஃபைலெல்லாம் எங்க?

— அதோ, 'லெட்டர்'னு இருக்கே.

— இது ஒண்ணுதான் இருக்கு. மத்தது?

— மத்ததுன்னா? அது ஒண்ணுதான்டா. நேத்து அடிச்சதை அழிச்சிட்டு அதுமேலயே இன்னைக்கு அடிப்பேன். பிரிண்ட் எடுத்துக் கோத்து வச்சிடுவேன்.

— வேலைக்குச் சேந்ததுலேர்ந்தா? அடக் கடவுளே! மாமா உன்னோட எப்படித்தான் குப்பை கொட்டறாரோ.

— இளிக்காத. இதுவரைக்கும் ஒரு லெட்டர் காணாமப் போனதில்ல. பெரிய மனுஷனாயிட்ட நீ. வேலை நிரந்தரமாயிடுச்சாமே, அம்மா சொன்னா.

— எல்லாம் உன் புண்ணியம். நீ மேனேஜர்கிட்ட என் பேரைச் சொன்னதாலதானே இந்த ஆர்டர் கெடச்சுது. இனிமே பாரு, நீ அடிக்க அடிக்கத் தானே சேவ் ஆகும். அழிச்சாலும் பழசைத் திருப்பி எடுக்கலாம். ஒரே கணக்கை ரெண்டு பேரு…

— அதெல்லாம் கெடக்கட்டும். அந்த லைட்டு எங்க?

— எந்த லைட்டு?

— தெரியாத மாதிரி கேக்காத. பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி. அஞ்சு நிமிஷம் கை வைக்கலைன்னா மஞ்சளாயிடும். ஒரே நாள்ல மூணு மஞ்சள் விழுந்தா அரைநாள் சம்பளம் போச்சு.

— அது… ஆளு சீட்ல இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க ஒரு வசதி.

— யாருக்குடா வசதி? கேஷியரம்மாவைத் தெரியுமில்ல உனக்கு?

— கீழ இருப்பாங்களே, சிரிச்ச முகமா. போன வாரம் எனக்கு டீகூட வாங்கிக் குடுத்தாங்க.

— அவங்களேதான். சுகர் இருக்கு அவங்களுக்கு. பாத்ரூமோ குடோனுக்குப் பின்னால. போயிட்டு வர்றதுக்குள்ள மஞ்சளாயிடும். இந்தத் திங்கக்கிழமை அப்படியே ரெண்டு மஞ்சள் விழுந்துடுச்சு. மூணாவது விழக்கூடாதுன்னு அடக்கிட்டே உக்காந்திருந்திருக்காங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? நாற்காலியிலயே போயிடுச்சுடா. ஆம்பளைங்க கண்ணு முன்னாடி. ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கிட்டான். ஒருத்தன் குனிஞ்ச தலை நிமிராம டைப் அடிக்கறான். ஒரு துணி கொண்டுவர ஒருத்தர் எந்திரிக்கல. எந்திரிச்சா அவங்கவங்க லைட்டு மஞ்சளாயிடுமே! பேப்பர் குடுக்கப் போன நான்தான் தொடச்சேன். என் மிஷின்லதான் இந்தச் சனியன் இன்னும் ஏறலையே.

— சே.

— 'நீ போம்மா, நீ போம்மா'ன்னு அதையே சொல்லிட்டிருந்தாங்க. என் முகத்தைப் பாக்கல. மறுநாள்லேர்ந்து வேலைக்கு வரல. போன் பண்ணினா மருமக எடுத்து, தூங்கறாங்கங்கறா. தொடச்சதுல எனக்கு ஒரு அருவருப்பும் இல்லடா. அசையாம உக்காந்திருந்துதுங்களே, அதை நெனச்சா சோத்துல கை வைக்க முடியல.

— மேனேஜர் அதை அப்படிப் பயன்படுத்தினா நான் என்னக்கா பண்ணுவேன்?

— நிறுத்திடு. நீதானே போடற? அந்த லைட்டு போச்சுன்னா நானே அவங்க வீட்டுக்குப் போய், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவேன். அவங்க சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது.

— முடியாதுக்கா. சாஃப்ட்வேரோடயே வர்றது அது. தனியாப் பிரிக்க முடியாது.

— என் தலையில கை வச்சுச் சொல்லு.

— சின்னப் புள்ளையாட்டம் பண்ணாத. மேல கம்பெனிக்காரன் அப்படித்தான் அனுப்பறான். நான் வெறும் போடற ஆளு.

— என்னம்மா, வேலை முடிஞ்சுதா?

— வாங்க மேனேஜர் சார், நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த லைட்டை எடுக்கவே முடியாதாமே?

— எதுக்கும்மா எடுக்கணும்? அதுக்காகத்தானே இதை வாங்கினதே! லெட்டருக்கும் கணக்குக்கும் சின்ன பாக்கேஜே போதும்னுதான் நான் இருந்தேன். உங்க தம்பிதான் உக்கார வச்சு விளக்கினாரு. 'பெரிசா எடுத்துக்கோங்க சார், அதுல லைட்டு வரும், யாரு எத்தனை தடவை எந்திரிக்கறாங்கன்னு உங்க ரூம்லேர்ந்தே பாக்கலாம்'னு. நான்கூட பத்து நிமிஷம் வச்சுக்கலாமேன்னேன். பத்துன்னா ஏமாத்துவாங்க சார், அஞ்சு வைங்கன்னுட்டாரு.

— சார், அது… எல்லா ஆபீஸ்லயும் பொதுவா சொல்றதுதான்… அக்கா, இங்க பாரு… அக்கா…

— கூச்சத்தைப் பாருங்க! உங்க தம்பியாச்சே, மூளைக்குக் கேக்கணுமா?

— எனக்குத் தம்பி கிடையாது சார். ஏங்க, வேலை முடிஞ்சுதுன்னா எந்திரிங்க. நான் உக்காரணும்.