துடைத்து வைத்த பைனாகுலர்

துடைக்காமல் ஒரு பொருளை எடுத்து வைக்க எனக்குக் கை வராது. வியாதி என்பார் என் வீட்டுக்காரர், குணம் என்பேன் நான். நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே இந்த நாற்காலியையும் ஒரு தடவை துடைத்துவிட்டேன். பயப்படாமல் சாய்ந்து உட்காருங்கள். டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பது, பைனாகுலரைச் சுற்றிக் கொண்டு வந்த அந்தத் துண்டை நீங்கள் பிரித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பைனாகுலர் பழுது பார்க்கிறவர் வேலை நாளில் கடையைச் சாத்திவிட்டு வீடு தேடி வந்தால் அது நலம் விசாரிக்க இருக்காது. ரப்பர் உறையை உரித்தே கொண்டு வந்திருக்கிறீர்கள். உள்ளே இரண்டு குட்டி ஸ்குரு. கழன்றுவிடாமல் இருக்க கம்பெனியில் அவற்றின் தலையில் வைத்த பூச்சைக் காணவில்லை, அதற்குப் பதில் சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கிறது. "இது யாரு வேலைங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். என் வேலைதான். ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் குரலை மட்டும் உயர்த்தாதீர்கள், உள் அறையில் அவர் தூங்குகிறார்.

அவர் ரயில் ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க ரயிலோடு குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த ஒரு நாளைப் பங்கு போட ஆளும் இல்லை. காலையில் எழுந்து சமையலறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்த ஆட்களை எல்லாம் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

அதில் மண்ணைப் போட்டவர் அவரோடு வேலை பார்த்த கொக்கு. நீண்ட கழுத்தும் குச்சிக் காலுமாக இருப்பார், அந்தப் பெயரை வைத்ததே நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார். போனவர் போனவர்தான். அடுத்த மாதமே கழுத்தில் இதைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் இதைச் சக்களத்தி என்பேன், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு வாரமும் "நீயும் வாயேன்" என்று கூப்பிடுவார். எனக்கு எதற்கு அந்தச் சேறும் கொசுவும். ஒரு நாளும் போனதில்லை.

முதல் தடவை நடந்தது சத்தியமாக என் தப்பில்லை. ஏரிச் சேறெல்லாம் அப்பிக்கொண்டு வந்து கிடந்தது. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்ததால், சோப்புப் போட்டு பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். நடுவில் இருக்கும் உருளை, பார்வையைக் கூர்மையாக்கத் திருப்புவார்களே, அது கிரீச்சென்றது. தையல் மிஷின் ஆயிலை இரண்டு சொட்டு விட்டேன். முதலில் வழவழவென்று சுற்றியது. பிறகு மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. கடைசியில் நின்றேவிட்டது.

அவர் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தா, உன் சக்களத்திய நீயே முடிச்சிட்ட போல" என்று சிரித்தார். உங்களிடம் கொடுத்தோம். கெட்டி கிரீஸ் இருக்கிற இடத்தில் மிஷின் ஆயிலை விட்டால் அது கரைந்து லென்ஸ் வரை ஓடிவிடும் என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். சாமான் வர நாளாகும் என்றும் சொன்னீர்கள்.

அந்த நாட்களில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எப்படிச் சொல்வேன். பட்டாணி உரித்தோம். சீட்டு விளையாடினோம், அவர் அப்பட்டமாக ஏமாற்றினார். ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, கம்பியும் திரையுமாக என் மேல் வந்து விழுந்தார். கல்யாணமான புதிதில் கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அவருக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை, ஏரிக்குப் போக வழியிருப்பதால் போகிறார், அவ்வளவுதான்.

சரியாகி வந்தது. மறுபடி துடைத்தேன். கண் வைத்துப் பார்க்கிற இடத்து வளையத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன், கையோடு வந்துவிட்டது. அதற்கும் உங்கள் கடை, அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அவருக்கு மனசு வாடிவிட்டது. "பாவம், அவ ஆசையா தொடைக்கிறா, இது ஒடஞ்சு போகுது" என்று கொக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உடையாமலேயே ஏதாவது ஆனால் தேவலை என்று அப்போதுதான் நினைத்தேன்.

வழி சொன்னது நீங்கள்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள். திரும்ப வாங்கிப்போக நான் வந்தபோது, ரப்பரைத் தூக்கி இந்த ஸ்குரு இரண்டையும் காட்டினீர்கள். "ரெண்டு குழாயும் ஒரே எடத்தப் பாக்கணும்மா. இத முடி அளவு திருப்புனா போதும், வலது ஒண்ணப் பாக்கும், எடது ஒண்ணப் பாக்கும். கொஞ்சமா இருந்தா கண்ணு இழுத்துப் புடிச்சு சமாளிச்சுக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது, தலவலி மட்டும் உயிர வாங்கும்." உங்களுக்கு வேலை மேல் அப்படி ஒரு ஆசை, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். நானும் கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு எல்லாம் சுலபம். அவர் ரயிலில் இருக்கும் நாளில் கொண்டை ஊசியால் ரப்பரை நெம்பி, மிஷின் பெட்டியில் இருந்த குட்டி ஸ்குரு டிரைவரால் ஒரு முடி அளவு. பூச்சு போன இடம் அசிங்கமாகத் தெரிந்தது, அதனால் நெயில் பாலிஷ் வைத்தேன். வெளியே பளபளவென்று துடைத்து வைப்பேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதுபோல வாரத்துக்குக் கொஞ்சம். அவர் கண் பழகப் பழக நான் நகர்த்தினேன். "நீ தொடைச்சுக் குடுத்தா பறவையெல்லாம் குளிச்சிட்டு வந்த மாதிரி தெரியுது" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

தலைவலி வர ஆரம்பித்தது. இருட்டும்வரை ஏரியிலேயே இருப்பவர், மதியமே வந்து என் மடியில் படுத்துக்கொள்வார். ஈரத்துணியை மடித்து நெற்றியில் போடுவேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்பார். அது போதும் எனக்கு. அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு விளக்கு இருக்கும் சிக்னலில் அவருக்கு இரண்டு தெரிந்ததாம். ரயிலை நிறுத்திவிட்டார். பின்னால் பெட்டி பெட்டியாக ஆட்கள் இருந்தார்கள் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

கண் டாக்டர் வயசுக்கு ஏற்ற மூக்குக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கண்ணில் இல்லையென்றால் மூளையில்தான் ஏதோ என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. தானாகவே போய், "என் கண்ண நானே நம்பல, என்ன நம்பி எப்படி ரயிலக் குடுப்பீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர். இதோ இந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

வேலை போனால் வீட்டோடு இருப்பார் என்று நினைத்தேன். அவரோ தினமும் ஏரிக்குப் போக ஆரம்பித்தார். என்ன செய்ய, உலகத்தில் மிச்சமிருக்கும் சந்தோஷம் அது ஒன்றுதான் என்றார். இதைக் கேட்டபோது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. போதாததற்குக் கொக்கு ஒரு சேதி கொண்டு வந்தார். ஏரிக்கு நடுவே இருக்கும் திட்டில் பறவைகளைக் கணக்கெடுக்க ஆள் வேண்டுமாம், சீசன் முடியும்வரை அங்கேயே தங்க வேண்டுமாம். இவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "நீயும் வாயேன்" என்றார். திரும்பவும் அதே பேச்சு.

அந்த வாரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினேன். ஏரிக்கரையில் பலகைக் கோபுரம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதன் படிக்குக் கைப்பிடி இல்லை என்பதும் தெரியும், அவரே பல தடவை சொல்லிச் சலித்துக்கொண்டிருக்கிறார். அன்று ஏதோ அபூர்வமான பறவை வந்துவிட்டதாம், காலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். இறங்கும்போது கீழே பார்த்து, "டேய், ஒரு படி ரெண்டாத் தெரியுதுடா" என்று கொக்கிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இல்லாத படியில் காலை வைத்துவிட்டார். இதைச் சொல்லும்போது கொக்குக்குக் கழுத்தெல்லாம் நடுங்கியது. பாவம், அவரும் நல்ல மனிதர்தான்.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அக்கம் பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். இப்போது பிடித்துக்கொள்ள நான் இருந்தால் இந்த நாற்காலிவரை வருவார். தினமும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். நேற்று சீட்டில் என்னை மூன்று ஆட்டமும் ஏமாற்றினார். விழுந்ததில் உடைந்த லென்ஸை மாற்றித் தரலாம் என்று கொக்கு உங்களிடம் இதைக் கொண்டு வராமல் இருந்திருந்தால் நமக்குள் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அவரிடம் சொல்லப் போகிறேன் என்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லாமலேயே ரயிலை விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் அவர் மனசு என்ன பாடுபடும். நான் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து அந்த மனசை உடைப்பீர்களா. நம் இருவரில் யாருக்கு அவர் மேல் இரக்கம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கும் கவலை இல்லாமல் இல்லை. கொக்கு நேற்று வந்திருந்தார். கோபுரத்தை எடுத்துவிட்டுச் சக்கர நாற்காலி போகிற மாதிரி சரிவுப் பாதை போட்டுவிட்டார்களாம். பைனாகுலர் வேண்டாம், டாக்டர் கொடுத்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்கிறார். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தார்.

இருங்கள், விழித்துவிட்டார் போலிருக்கிறது, கூப்பிடுகிறார். "இந்தா, என் கண்ணாடி எங்க வச்ச?"

"இதோ, தொடைச்சுக் கொண்டாரேங்க."

ஒரே நிமிடம், வந்துவிடுகிறேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், உங்கள் கைப்பக்கம் அந்தக் குட்டி ஸ்குரு டிரைவர் இருக்கிறது பாருங்கள், அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்.