ஐந்தாண்டுப் பதிப்பு

— ஆக, கம்ப்யூட்டருக்கு இந்தப் புதுப் பதிப்பு தேவையா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மாப்ள.

— தேவையில்ல மாமா. இப்ப இருக்கறதே நல்லாத்தான் ஓடுது.

— நீங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையே. ஆறு மாசத்துக்கு ஒருதடவ, புதுசு வந்தாச்சு மாமான்னு போன் வரும். மறுநாள் சரியா மூணு பத்துக்கு மணி அடிப்பீங்க. முப்பது வருஷம் பஸ்ஸுக்கு டைம்டேபிள் போட்டவன் நான். உங்கள மாதிரி நேரம் தவறாத வண்டிய எங்கயும் பாத்ததில்ல.

— அதாவது மாமா, இதுல பிரிண்டர் மக்கர் பண்ணுமாம்.

— பிரிண்டர் போன வருஷமே செத்துப்போச்சு. நீங்கதான தூக்கிட்டுப் போனீங்க.

— ஆமால்ல.

— பேப்பர்ல படிச்சேன். இதப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு எதையும் தொட வேண்டாமாம். நிஜமா?

— நிஜந்தான்.

— அப்புறம் ஏன் மென்னு முழுங்கறீங்க?

— டீ ஆறுது மாமா, குடிங்க.

— பேச்ச மாத்தாதீங்க. எம்பொண்ணும் போன்ல அதான் சொன்னா. அஞ்சு வருஷ ரகத்தப் போட்டுடச் சொல்லுங்கப்பா, விவாகரத்து ஆகி மூணு வருஷமாச்சு, இன்னும் எதுக்கு அவர அலைய விடறீங்கன்னா.

— நியாயம்தான்.

— நான் மாப்ளன்னு கூப்பிடறதும் தப்பாம். வாய்ல வேற எதுவும் வர மாட்டேங்குது, என்ன பண்ண.

— அவ எப்படி இருக்கா?

— நல்லா இருக்கா.

— சரி மாமா. போட்டுடலாம். கொஞ்சம் எந்திரிங்க, நான் உக்காந்துக்கறேன்.

— வேண்டாம்.

— ஏன்?

— எனக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும், சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் உக்காந்து என்னமோ ஏத்தறீங்க. என் கண்ணுக்குத் திரையில இருக்கற படம் மட்டும்தான் மாறுது. போன தடவ படகு, இப்ப மலை. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் இந்த மேசையில ரெண்டு டம்ளர் இருக்கும். அத அஞ்சு வருஷத்துக்கு நிறுத்த எனக்கு மனசில்ல. பழைய ஆறு மாச ரகமே இருந்துட்டுப் போகட்டும்.

— மாமா.

— என்ன?

— இதுல இருக்கறதும் அஞ்சு வருஷ ரகம்தான். கோர்ட்ல முடிஞ்ச வாரம் போட்டது. அதுக்கப்புறம் நான் மாத்தினது அந்தப் படத்த மட்டும்தான்.