பெப்பினோவுக்கு அரைத் தண்ணீர்

பெப்பினோ செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவன் இந்த வால்பாறை மலையில் நான் ஒருவன்தான் ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் துரை சீமையிலிருந்து குச்சிகளாகக் கொண்டுவந்தார். மணலில் நட்டு வேர் பிடிக்க வைத்தவன் நான். மஞ்சள் பழத்தில் ஊதாக் கோடு ஓடும், முலாம்பழ வாசம் அடிக்கும். தண்ணீரும் எருவும் வாரிக் கொடுத்தால் வெறும் இலையாகத் தழைத்து நிற்கும். கொஞ்சம் வாடவிட்டால்தான் காய் பிடிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் துரை லீவில் கப்பலேறினார். பங்களாவில் நானும் சமையல்காரன் ரசாக்கும் மட்டும். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. தொழிலாளர் லயம் மூன்று மைல் கீழே. ரசாக் வருவதற்கு முன்பு, மழை மாதங்களில் என் குரலே எனக்கு மறந்துபோகும். அவன் ஓயாத வாயாடி. நான் செடிகளுக்குக் குச்சி கட்டும்போது எதிரே குந்திக்கொண்டு, இதுகளுக்குத் தாலாட்டும் உண்டா என்று கேலி பேசுவான். அதைக் கேட்கத்தான் விடிந்ததும் எழுந்திருப்பேன்.

ஆடியில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எஸ்டேட் கம்பவுண்டர் கொயினா மாத்திரைகளை என்னிடம் கொடுத்து, தினமும் இரண்டு தவறாமல் கொடுக்கச் சொன்னார். கசப்புத் தெரியாமலிருக்கப் பெப்பினோத் துண்டுக்குள் வைத்து ஊட்டினேன். நாலாம் நாள் காய்ச்சல் தணிந்தது. ரசாக் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணி அடுக்கினான்.

"ஆறுச்சாமிண்ணா, காச்சல் உட்டதும் போத்தனூருக்கே போயர்றனுங்க. ஊட்டுக்காரி சாஜிதா தனியா கெடக்கறா. இனி இந்த மலைப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டனுங்க."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து பாதி மாத்திரைதான் வைத்தேன். என்னை நம்பி விழுங்கினான்.

காய்ச்சல் திரும்பியது. கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன், உடம்பு துடைத்தேன். என் தோளில் சாய்ந்துதான் நடப்பான். என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று வாரம்தான். கம்பவுண்டர் என் பொறுமையை மெச்சி, இன்னும் மாத்திரை கொடுத்துப் போனார். அவற்றையும் உடைத்தேன். வாடுகிற செடி இலையில் காட்டிவிடும். இவனிடம் எனக்கு அளவு தெரியவில்லை. காய்ச்சல் முற்றி ஒரு நாள் அவன் மூத்திரம் கறுத்துப் போயிற்று. மறுநாள் மத்தியானம் இறந்தான்.

மிச்சப் பாதிகள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கம்பவுண்டரிடம் நானேதான் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சாஜிதா பேகம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பதாகச் சொன்னீர்கள். உன் புருஷனைக் கொன்றவன் ஆறுச்சாமி என்றே சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா: நீ பக்கத்தில் இருந்திருந்தால்கூட அவனை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று.