கிணற்று வளைவு

மேசைமேல் இருக்கும் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர் என்னுடையதுதான். கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள் சார், இல்லாவிட்டால் துருப்பிடித்துப் போகும்.

என் பெயர் பாலுசாமி. காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து மில்லுக்குப் போகும் வழியில்தான் அந்த வளைவு. ரோட்டை ஒட்டி அறுபதடிக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. முன்பெல்லாம் அங்கே வந்தால் லாரிக்காரன்கூட இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆடுதான் அதில் விழுந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தினார்கள். கிணற்றுப் பக்கம் இரும்புத் தடுப்பு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, வெள்ளைக்கோடு எல்லாம் போட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். முப்பதில் வந்தவர்கள் அறுபதில் வந்தார்கள். தடுப்பு பிடித்துக்கொள்ளும் என்ற தைரியம். முதல் வருடத்திலேயே இரண்டு பேர் போனார்கள். அடுத்த வருடம் என் மனைவி பாவாத்தாள் போனாள். ஒரு மோட்டார்சைக்கிளின் வேகம்தான் காரணம்.

தடுப்பை எடுத்துவிடுங்கள் என்று நான்கு மனு கொடுத்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பாதுகாப்புக்கு வெச்சத எடுக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் அந்த வளைவில் உட்கார்ந்து பார்த்தவரில்லை.

அதனால் நானே செய்தேன். போன தை மாதம், பகல் பதினொரு மணிக்கு. ரோட்டு வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அதைப் போட்டவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. வளைவுக்கு எதிர்வீட்டில் இருக்கும் செல்லாத்தாள் மட்டும் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏனுங்க, இப்ப ரோட்டு வேலைக்குங்களா போறீங்க?"

"ஆமாங்க அம்மணி. ஊட்ல சும்மா உக்கார முடியலைங்க."

தடுப்பின் இரும்புத் தகட்டையே கழற்றிப் போட்டிருந்தால் இரண்டு நாளில் வேறு மாட்டியிருப்பார்கள். ஆகவே ஆறு கம்பங்களில் நட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, தகடு சாயாமல் இருக்க மெல்லிய கம்பியால் கட்டிவைத்தேன். பார்க்கிறவர்களுக்குத் தடுப்பு தடுப்பாகத்தான் தெரியும். ஒரு வண்டி கிணற்றுக்குள் போனால்தான் மற்றவர்களுக்குப் பழைய பயம் திரும்பி வரும். ஒன்று போதும் என்று நினைத்தேன்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு கார் உள்ளே போனது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள். சுரேந்தர், ரித்திகா, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண். கயிறு கட்டி இறங்கியவர்களில் நானும் ஒருவன். குழந்தையைப் பின்சீட்டில் தனி இருக்கை வைத்து, நல்லபடியாகப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கத்தான் நேரமாகிவிட்டது.

நட்டுகளை யாரோ பழைய இரும்புக்குத் திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார்கள். அடுத்த மூன்று மாதம் நீங்கள் அந்த வளைவைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் முப்பதைத் தாண்டவில்லை. ஒருவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பிறகு புதுத் தடுப்பு வந்தது, முன்னைவிடக் கனமாக. ஒரே வாரத்தில் வேகமும் வந்துவிட்டது. நேற்றுக் காலை மறுபடியும் போனேன். இரண்டாவது கம்பத்தில் இருந்தபோது செல்லாத்தாள் வந்து நின்றாள். தரையில் நான் வரிசையாக வைத்திருந்த நட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாட்டறீங்களா, கழட்டறீங்களாங்க?"

நான் அடுத்த நட்டில் ஸ்பேனரை வைத்தேன். அவள் பின்பக்கமாகவே நாலடி நடந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். நான் ஓடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாவாத்தாள் வழக்குக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மோட்டார்சைக்கிளை ஓட்டியது நான்தானே என்று கேட்கிறீர்கள். நான்தான். நாய் குறுக்கே வந்தது என்று அன்றைக்கு எழுதிக்கொடுத்தேன். நாய் எதுவும் வரவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, மெதுவாப் போங்க, கெணறு வருது" என்று இரண்டு தடவை சொன்னாள். "அதான் தடுப்புப் போட்டுப்போட்டாங்கல்ல, பயப்படாத" என்றேன். வண்டி தடுப்பை உரசிக்கொண்டே போய்ச் சரிந்தது. நான் ரோட்டுப் பக்கம் விழுந்தேன். அவள் கம்பத்தில் மோதினாள்.

ஸ்பீடாமீட்டர் முள் எழுபத்தைந்தில் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் போல நிதானமான ஆளையே அந்த ரோடு அப்படி ஓட்டவைத்தது என்றால், தப்பு யார் மேல் என்று உங்களுக்கே தெரியும்.