பக்கத்து சீட்டின் ஈரம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் மூன்றாவது மாடி ரேஷ்மாவின் அக்கா பவித்ராவுக்கு நடந்தது. ரேஷ்மாவிடம் போய்க் கேட்டு வைக்காதீர்கள்.

மாலை ஆறே முக்கால். கோவில்பதாகை ஏரிக்கரை ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... பவித்ரா ஆபீஸிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாள். அவளும் புருஷன் கிரணும் போன மாதம்தான் வாங்கிய பழைய கார். டிங்... ஒரே சத்தம். ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சம்பத் ஸ்கேனரைச் செருகினான். திரையில் ஒரு கோளாறு எண் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரை இழுத்தான். முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சீட்ல ஆள் கீதான்னு பாக்குற சென்சாருக்கா. தண்ணி பூந்துச்சு. யாரோ ஈரத் துணியோட குந்திகினு வந்துகீறாங்க.”

“கதவு வழியா மழைத் தண்ணி இறங்கியிருக்கும்பா.”

“அப்டின்னா கீழ காலு வெக்கிற மேட்டுல்ல நனையும்? மேட்டு காஞ்சிகீது பாருக்கா. சீட்டு மட்டும்தான்...”

குனிந்து முகர்ந்தாள். ஏரிச் சேறு... அழுகின ஆகாயத்தாமரை. கூடவே லேசாக மஞ்சள் வாடை. பவித்ரா மஞ்சள் பூசுகிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று கிரண்தான் காரை எடுத்துப் போவான். எவளையோ பக்கத்தில் உட்கார வைத்துச் சுற்றுகிறானா? கேட்டால் உஷாராகிவிடுவான். “சாருக்குத் தெரிய வேணாம், அந்தக் கோளாறு எண்ணை அழிச்சிடு,” என்றாள். சம்பத் ஒயரைக் காயவைத்து, எண்ணை அழித்தான். விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தது... மழையே பெய்யாத வாரத்தில். மறுபடி சம்பத்திடம் போய் அழிக்கச் சொன்னாள். கிரண் குளிக்கும்போது போனை நோண்டினாள், சட்டையை முகர்ந்தாள். ஒன்றும் சிக்கவில்லை. அதற்காக நம்பிவிட முடியுமா? அம்மா வீட்டுக்குக் கிளம்ப துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

மூன்றாம் முறை சம்பத் வாய்தவறி உளறினான். “இன்னாக்கா, சார் வந்தப்போ நல்லா காயவெச்சுதானே அனுப்புனேன்...”

“சார் வந்தாரா?”

சம்பத் நாக்கைக் கடித்துக்கொண்டான். “மேடத்துக்குத் தெரிய வேணாம்னாருக்கா.”

போனில் கூப்பிட்டாள். கிரண் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்ததும் நடுத்தெருவில் சண்டை.

“யாரை ஏத்திட்டுச் சுத்துறீங்க?”

“அதை நான் கேக்கணும்டி! தினமும் வண்டி உன்கிட்டதான இருக்கு?”

அவனும் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறான். ஈரத்தைத் தொட்டிருக்கிறான். அவளுடைய போனையும் நோண்டியிருக்கிறான். அது தெரிந்ததும் இருவருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பழைய வண்டி, பாழாய்ப்போன சென்சார், இதற்காகவா குடும்பம் பிரிய இருந்தது? சம்பத் புது சென்சார் போட்டுக் கொடுத்தான்.

திரும்பும்போது கிரண் ஓட்டினான். பவித்ரா அந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். நன்றாகக் காய்ந்திருந்தது. ஏரிக்கரை வந்தது... விளக்கு எரியவில்லை. நிம்மதியாக அவன் தோளில் கை வைத்தாள்.

பீப்... பீப்... பீப்...

இது வேறு சத்தம். பின்சீட்டில் பெல்ட் போடவில்லை என்று டேஷ்போர்டு காட்டியது.

“பின்னால பை ஏதாவது வெச்சியா?”

“இல்லையே...”

பீப்... பீப்... அவள் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இவன் நிஜமாகவே ஒருத்தியை ஏற்றிக்கொண்டு சுற்றியிருந்தால்கூடத் தேவலையே என்று இருந்தது அவளுக்கு. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் பெல்ட்டை மெதுவாக இழுக்கும் சத்தம்... சர்ர்ர்...

டக்.

பீப் நின்றது.