பழசே போதும்

இன்ஸ்பெக்டர் ஐயா, வாசலில் நிற்கிற உங்கள் மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தில் எண்ணெய் கசிகிறது. வாஷரை மாற்றினால் நின்றுவிடும். டயகமப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கிறேன், கண் தானாகவே அங்கே போய்விடுகிறது.

செத்துப்போன ஜோர்ஜ், பெக்டரியை நடத்தும் எங்கள் டீமேக்கர் ஐயாவின் மகன். மேடுபள்ளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவான். ஓட்டுவான் என்பது மரியாதைக்குச் சொல்வது. வண்டி அவனை இழுத்துக்கொண்டு போகும், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பான். நட்டை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்றுகூடத் தெரியாது.

உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டி அது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவை, போர்க் என்போம், பழைய மாதிரி, ஒற்றை ஸ்ப்ரிங். இப்போது வருகிற போர்க்கில் உள்ளே எண்ணெய் இருக்கிறது, குதித்து விழுந்தாலும் அடி கைக்கு ஏறாது. அப்படி ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்துவிட்டு, மாட்டுவதா வேண்டாமா என்று ஒரு மாதம் குழம்பினான்.

"புதுசு எனக்குப் பழக்கமில்ல. பந்தயத்துக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க கந்தப்பன்" என்றான்.

ஆயுத பூசைக் கதையை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூசையில் வைத்த சாமான்களை மறுநாள் காலைவரை நாங்கள் தொடமாட்டோம், தேயிலை உருட்டும் ரோலர்கூட அன்றைக்கு ஓடாது. இவன் வந்து, சந்தனம் பூசி வைத்திருந்த என் ஸ்பேனரை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தான். "இரும்புக்குப் போயி பொட்டா?" என்று சிரித்தான். ஆட்களும் கூடச் சிரித்தார்கள். நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி.

வண்டியைக் கழற்றிப் பார்த்தேன். பழைய போர்க்கின் அடியில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். பந்தயம் நடக்கிற, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் நாலு மேடு தாங்கும், ஐந்தாவதில் இரண்டாகிவிடும். கிரீஸ் தடவி மூடினேன்.

அன்று பின்னேரம் அவன் மனைவி டோரீன் பெக்டரி வாசலுக்கு வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. புதுசையே மாட்டச் சொல்லுங்களேன்."

"பழசே போதும்மா. நான் பார்த்துட்டேன்" என்றேன். அவனிடமும் அதையே சொன்னேன். புதிய போர்க்கைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஐந்தாவது மேடு என்று கணக்குப் போட்டிருந்தேன். பந்தயத்தன்று மூன்றாவதிலேயே உடைந்தது, அவன் கழுத்தும் உடைந்தது. அவன் மூட்டை மாதிரி விழுகிற விழுகைக்கு இரும்புதான் என்ன செய்யும்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. "கந்தப்பனுக்கு வயசாயிருச்சு, விரிசலக் கவனிக்காம விட்டுட்டாரு" என்கிறார்கள். நேற்று டோரீன்கூடக் கைப்பிள்ளையோடு வந்து, "உங்க மேல கோபமில்லண்ணே, கண்ணுக்குத் தெரியலைன்னா நீங்க என்ன செய்வீங்க" என்றாள்.

அதனால்தான், ஐயா, விடிந்ததும் உங்களைத் தேடி வந்தேன். இத்தனை வருஷ வேலைக்கு இதுவா பெயர்?

எழுதிக்கொள்ளுங்கள். விரிசல் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி போடாமலேயே தெரிந்தது.